இங்கே பாட்டு மட்டும்

திருமங்கலம் பக்கம் எங்கள் ஊரில், சின்ன வயதில் நான் முடிவெட்டப் போகிற சலூனில் கண்ணாடிக்கு மேலே ஒரு போர்டு தொங்கும். ‘இங்கு அரசியல் பேசாதீர்கள்.’ அதற்குக் கீழே பலகையில் ஒரு டேப் ரிக்கார்டர். காலையிலிருந்து கடை சாத்துகிற வரைக்கும் இளையராஜா. பெஞ்சில் தினத்தந்தி தாள் தாளாகப் பிரிந்து கிடக்கும். ஒருத்தர் கையில் முதல் பக்கம், இன்னொருத்தர் கையில் கன்னித்தீவு. முகம் முழுக்க நுரையோடு ஒரு பெரியவர் கலைஞரைத் திட்டுவார். பெஞ்சிலிருந்து இன்னொருத்தர் எம்ஜிஆர் காலத்திலிருந்து ஆரம்பிப்பார். கத்தி பிடித்திருக்கிற அண்ணன் ரெண்டு பேருக்கும் பொதுவாக ‘சரிதாண்ணே’ என்பார். நடுவில் நல்ல பாட்டு வந்துவிட்டால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். பாட்டு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து மறுபடி சண்டை.

அந்தப் போர்டை யாரும் மதித்ததில்லை. மாட்டியவரே மதித்ததில்லை. ஒருமுறை அவரிடமே கேட்டேன். ‘சண்டை முத்திப் போச்சுன்னா கை காட்டுறதுக்கு வச்சிருக்கேன் தம்பி. பேசவே கூடாதுன்னா கடைக்கு எவன் வருவான்?’ என்றார்.

பல வருஷம் கழித்து, சென்னையில், வேளச்சேரி மொட்டை மாடியில் கூடுகிற என் நண்பர்களுக்காக ஏறக்குறைய அதே வாசகத்தை நான் எழுதினேன். நாங்கள் அதை மதித்தோம். ஒழுங்காக, வரி பிசகாமல் மதித்தோம். இந்தக் கட்டுரை அந்த ஒழுங்குக்கு எதிராக எழுதப்படுகிறது. அதனால் முதலில் எனக்கு எதிராக.

*

நாங்கள் ஏழு பேர். ஒரே காலேஜ். வேலை தேடி ஒருத்தர் பின்னால் ஒருத்தராகச் சென்னைக்கு வந்தவர்கள். மூன்று பேர் ஐ.டி., ஒருத்தன் பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான், ஒருத்தன் சினிமாவில் உதவி இயக்குநர், அதாவது வேலை இல்லாதவன். நான் விளம்பரக் கம்பெனியில் வார்த்தை எழுதுகிறவன். ஏழாவது ஆள் தூத்துக்குடிக்காரன். அவனை நாங்கள் ‘மக்கா’ என்றுதான் கூப்பிடுவோம், ஏனென்றால் அவன் எங்கள் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிட்டான்.

சனிக்கிழமை ராத்திரி மாடி. பாய், மிக்சர் பாக்கெட், ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர். யார் போன் ஸ்பீக்கரில் கனெக்ட் ஆகியிருக்கிறதோ அவன் வைத்ததுதான் அன்றைக்குச் சட்டம். பாட்டு ஓடும், பேச்சு ஓடும். வீட்டு ஓனர் வாடகை ஏற்றியது, மேனேஜர் அப்ரைசலில் கை வைத்தது, பெட்ரோல் விலை, யாரோ ஒருத்தனின் லவ், ‘வெஜிடேரியன்ஸ் ஒன்லி’ என்று டு-லெட் போர்டில் எழுதியிருந்த வீட்டில் நாங்கள் ஏழு பேரும் போய் அசடு வழிந்துவிட்டு வந்தது. எல்லாமே பேசுவோம். ஸ்பீக்கரில் ஏ.ஆர்.ரஹ்மானா சந்தோஷ் நாராயணனா என்ற சண்டை அது பாட்டுக்கு நடக்கும். எது பாட்டுப் பேச்சு, எது வாழ்க்கைப் பேச்சு, எது அரசியல் பேச்சு என்று அப்போது யாரும் கோடு கிழிக்கவில்லை.

2015 டிசம்பரில் வெள்ளம் வந்தது. கீழ்த்தளம் போய்விட்டது. கரண்ட் இல்லை. மாடியில் ஒரே ஒரு பட்டன் போன் உயிரோடிருந்தது, அதில் எஃப்எம் மட்டும் வந்தது. பாட்டு, நடுவே எங்கே சாப்பாடு, எங்கே படகு, மறுபடி பாட்டு. அந்த மூன்று நாளும் நாங்கள் பேசியதெல்லாம் என்ன? செம்பரம்பாக்கத்தில் எப்போது திறந்தார்கள், ஏன் முன்னாடியே சொல்லவில்லை, யார் உத்தரவுக்காகக் காத்திருந்தார்கள், நிவாரணப் பொட்டலத்தில் ஸ்டிக்கர் ஒட்டியவன் யார், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் இவ்வளவு கட்டடத்துக்கு அனுமதி கொடுத்தவன் யார். நாக்கில் நரம்பில்லாமல் திட்டினோம். அதை ‘அரசியல்’ என்று ஒருத்தனும் சொல்லவில்லை. நனைந்தது எங்கள் மெத்தை.

2017 ஜனவரியில் மெரினாவுக்குப் போனோம். 17ஆம் தேதி தொடங்கிய கூட்டம் நாளுக்கு நாள் பெருகிக்கொண்டே போனது. அங்கே பறை அடித்தார்கள், ஆடினோம். மெட்டுக் கட்டிய கோஷங்கள் எல்லாம் மனப்பாடம். அப்போதும் ‘இது அரசியல் இல்லை ப்ரோ, உணர்வு’ என்றுதான் பேசிக்கொண்டோம். கட்சிக்காரர்கள் வந்தால் திருப்பி அனுப்பினார்கள், அதற்கும் கைதட்டினோம். 23ஆம் தேதி காலையில் போலீஸ் கலைத்தது. நாங்கள் அதற்கு முந்தின நாளே ரூமுக்கு வந்துவிட்டோம், திங்கட்கிழமை ஆபீஸ். அன்று ஓடிவந்த மாணவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் கடற்கரையோரத்து மீனவக் குப்பங்கள். நடுக்குப்பத்தில் மீன் சந்தை எரிந்தது. அடுத்த சனிக்கிழமை மக்கா அந்தப் பேச்சை எடுத்தான். அவனும் கடலோரத்துப் பையன். ‘நாம ஜெயிச்சிட்டோம் மச்சான். இப்ப எதுக்கு அதை அரசியல் ஆக்குற?’ என்று ஒருத்தன் சொன்னான். வேறு பாட்டு மாற்றினோம்.

இன்றைக்கு யோசித்தால், எங்கள் மாடியில் அந்த வார்த்தை ஒரு குற்றச்சாட்டாக முதல்முதலாக விழுந்தது அன்றுதான். ஒரு வாரத்துக்கு முன்னால் நாங்கள் பறைக்கு ஆடியது உணர்வு. அதே கடற்கரையில், அதே காரணத்துக்காக, இன்னொருத்தர் மீன் சந்தை எரிந்தது அரசியல்.

*

அதற்கடுத்த வருஷம் நடந்ததை நான் தேதி வாரியாகச் சொல்லிவிடுகிறேன்.

2018 ஜனவரி. கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் கச்சேரி. கானாவும் ராப்பும் ராக்கும் பறையும் ஒரே மேடையில். நாலு பேர் போனோம். திரும்பி வரும்போது எங்களில் ஒருத்தன் சொன்ன விமர்சனம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: ‘பீட் செமயா இருக்கு. லிரிக்ஸ்தான் கொஞ்சம் ஓவர்.’ நான் தலையாட்டினேன். தாளம் வேண்டும், தாளம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லாமல் இருந்தால் நல்லது. எங்கள் ரசனை அன்று அந்த இடத்தில் நின்றது.

ஏப்ரல் 10. காவிரிக்காகப் போராட்டம் நடந்துகொண்டிருந்தபோது சேப்பாக்கத்தில் ஐபிஎல் மேட்ச். மைதானத்துக்கு வெளியே மறியல், உள்ளே செருப்பு பறந்தது. சென்னையில் நடக்க வேண்டிய மற்ற மேட்சுகள் புனேவுக்குப் போயின. டிக்கெட் வாங்கி வைத்திருந்தவர்கள் நாங்கள். ‘விளையாட்டுல எதுக்குடா அரசியல்?’ என்று அந்த வாரம் முழுக்கக் கத்தினோம்.

மே 22, செவ்வாய்க்கிழமை. தூத்துக்குடியில் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். கலெக்டர் ஆபீசை நோக்கிப் போன ஊர்வலத்தின் மேல் துப்பாக்கிச் சூடு. பதின்மூன்று பேர் செத்தார்கள். அன்று சாயங்காலம் மும்பையில் சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் முதல் குவாலிஃபையர். டு பிளெஸ்ஸி கடைசி வரை நின்று ஜெயிக்க வைத்தார், சென்னை ஃபைனலுக்குப் போனது. எங்கள் வாட்ஸாப் குரூப்பில் அன்றைக்கு மத்தியானம் மக்கா போட்ட மூன்று செய்திகள் இருந்தன. ராத்திரி அதற்கு மேலே நூறு மெசேஜ் ஏறியிருந்தது. எல்லாம் விசில்.

மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்தினார்கள். மக்கா போனை காதில் வைத்துக்கொண்டே அந்த வாரம் முழுக்க நடந்தான். நாங்கள் பார்த்தோம். ‘வீட்ல எல்லாரும் ஓகேவா?’ என்று கேட்டோம். ‘அம்மா நல்லா இருக்கா’ என்றான். அதோடு எங்கள் கடமை முடிந்தது.

மே 26, சனிக்கிழமை. மாடி. மறுநாள் ஃபைனல். ஸ்பீக்கரில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ‘ஏலே, ஒரு நிமிசம் அத அமத்துங்களேன், ஒண்ணு சொல்லுதேன். எங்க சித்தப்பா...’ என்று ஆரம்பித்தான். யாரோ, யார் என்பது முக்கியமில்லை, ‘மச்சான், வாரம் பூரா டிவியில அதான் ஓடுது. இங்கயாவது பாட்டு மட்டும் கேப்போம்டா’ என்றான். இன்னொருத்தன் வால்யூமை ஏற்றினான். மக்கா சிரித்தான். மிக்சர் பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில், ‘சண்டை வேண்டாம், நட்பு முக்கியம்’ என்ற நல்லெண்ணத்தில், நான் குரூப்பின் விவரப் பகுதியில் எழுதினேன்: ‘இங்கே பாட்டு மட்டும். நோ பாலிடிக்ஸ்.’ ஆறு கட்டைவிரல் விழுந்தது. அதில் ஒன்று அவனுடையது.

*

‘இசையில் அரசியலைக் கலக்காதே’ என்று சொல்கிறவர்களிடம் ஒரு கேள்வி. எப்போது கலக்காமல் இருந்தது?

சலூன் போர்டிலிருந்து ஆரம்பித்தேன். எங்கள் திருமங்கலத்தில் வாழ்ந்த விஸ்வநாத தாஸ் முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர். நாடகக்காரர். முருகன் வேஷம் கட்டி மேடையில் நின்றுகொண்டு, வயலில் வந்து இறங்குகிற வெள்ளைக் கொக்கைப் பாடுகிற மாதிரி வெள்ளைக்காரனைப் பாடியவர். கதைக்கும் பாட்டுக்கும் சம்பந்தமே இருக்காது, பார்க்க வந்த ஜனத்துக்கு அர்த்தம் புரியும். போலீசுக்கும் புரியும். திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போனார். அவருடைய சாதியைச் சொல்லி, உடன் நடிக்க மாட்டோம் என்று மறுத்தவர்கள் இருந்தார்கள். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், மேடையிலேயே, முருகன் வேஷத்திலேயே உயிர் போனது. ‘நாடகத்தை மட்டும் நடத்துங்க, அரசியல் வேண்டாம்’ என்று அவரிடமும் எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள். அவரை மேடையில் ஏறவிடாமல் செய்த சாதியை மட்டும் யாரும் அரசியல் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அது வழக்கம்.

சபாவுக்கு வருவோம். சென்னை மியூசிக் அகாடமி எப்படிப் பிறந்தது? 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு. அதோடு சேர்ந்து ஒரு இசை மாநாடு. அதன் தொடர்ச்சியாக 1928இல் அகாடமி. கட்சி மாநாட்டின் வயிற்றில் பிறந்த பிள்ளை. அந்த மேடைகளில் தமிழ்ப் பாட்டு கச்சேரியின் கடைசியில் துக்கடாவாக வரும். ‘ஏன் கடைசியில்?’ என்று கேட்டதுதான் தமிழிசை இயக்கம். 1943இல் அண்ணாமலைச் செட்டியார் தமிழ் இசைச் சங்கம் தொடங்கினார். அப்போதும் ‘இசைக்கு மொழி கிடையாது, இதில் எதற்கு அரசியல்?’ என்ற பதில்தான் வந்தது. மொழி கிடையாது என்றால் எதைக் கடைசியில் வைத்தீர்கள்?

2024 மார்ச்சில் அதே அகாடமி டி.எம்.கிருஷ்ணாவுக்கு சங்கீத கலாநிதி அறிவித்தது. சில முன்னணிக் கலைஞர்கள் அந்த வருஷ டிசம்பர் விழாவில் பாட மாட்டோம் என்று விலகினார்கள். அவர் பெரியாரைப் புகழ்ந்தார் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. ஒருத்தர் பாடியது சரியில்லை என்று விலகினால் அது சங்கீதம். ஒருத்தர் யாரைப் புகழ்ந்தார் என்று பார்த்து விலகினால் அதற்குப் பெயர் என்ன? விலகுவது அவர்கள் உரிமை, அதில் எனக்குத் தகராறு இல்லை. ‘நாங்கள் சங்கீதத்தின் பக்கம், அவர்தான் அரசியல்’ என்கிற வேஷத்தில்தான் தகராறு.

‘பாட்டு மட்டும்’ என்ற எங்கள் சட்டத்தை ஒரு அரசாங்கமே போட்டுப் பார்த்திருக்கிறது. 1952இல் ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது, சாஸ்திரிய இசையைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தார். அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டு காணாமல் போனது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957இல் விவித் பாரதியைத் தொடங்கித்தான் கேட்பவர்களைத் திரும்ப இழுக்க முடிந்தது. மக்காவின் வீட்டில் அவன் அம்மா இலங்கை வானொலி கேட்டே வளர்ந்தவர். கடல் தாண்டி வந்த அந்தப் பாட்டுக்குப் பின்னால், டெல்லியில் ஒரு அமைச்சர் எடுத்த முடிவு இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியாததால் அது இல்லாமல் போய்விடாது.

ரொம்பப் பழைய கதை என்றால், 2015 அக்டோபர். டாஸ்மாக்குக்கு எதிராகப் பாட்டு பாடியதற்காக கோவனைத் திருச்சியில் கைது செய்தார்கள். போட்ட பிரிவுகளில் ஒன்று தேசத்துரோகம். சாராயக் கடையை மூடு என்று ஒரு மனுஷன் பறையோடு பாடினால் அரசாங்கத்துக்கு அது அரசியல் என்று புரிகிறது. பாட்டு கேட்கிற நமக்குத்தான் புரியமாட்டேன் என்கிறது.

*

எனக்கு வருகிற பதில் தெரியும். நானே பல தடவை சொன்ன பதில்தான்.

‘பத்து மணி நேரம் வேலை. ரெண்டு மணி நேரம் டிராஃபிக். போனைத் திறந்தா கொலை, குண்டு, எலெக்‌ஷன். ரெண்டு பாட்டு நிம்மதியா கேக்கக் கூடாதா? நாங்க என்ன மனுஷங்க இல்லையா?’

கேட்கலாம். கேட்க வேண்டும். பாட்டு இல்லாவிட்டால் எனக்கும் பைத்தியம் பிடிக்கும். ஓய்வு கேட்பது குற்றம் என்று சொல்கிறவன் உழைத்தவனாக இருக்க முடியாது. ஆனால் இந்த ‘நிம்மதி’ எப்படி வந்தது என்று எங்கள் மாடியை வைத்தே கணக்குப் பாருங்கள். வாடகை பேசினோம், நிம்மதி கெடவில்லை. அப்ரைசல் பேசினோம், கெடவில்லை. வெள்ளத்தில் அரசாங்கத்தைக் கிழித்துத் தொங்கவிட்டோம், அப்போதும் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. கெட்டது ஒரே ஒருத்தன் ஒரே ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தபோது. அப்படியானால் நாங்கள் பேச்சிலிருந்து ஓய்வு கேட்கவில்லை. அவனிடமிருந்து ஓய்வு கேட்டோம். எங்களுக்கு வலித்ததற்கு ‘லைஃப்’ என்று பெயர் வைத்திருந்தோம், அவனுக்கு வலித்ததற்கு ‘பாலிடிக்ஸ்’. ஆறு பேரின் நிம்மதிக்கான செலவை ஏழாவது ஆள் தன் கையிலிருந்து கொடுத்தான்.

இன்னொரு பக்கத்தையும் திட்டாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. எந்தப் பாட்டைப் போட்டாலும் உடனே கோர்ட் திறக்கிற தோழர்கள் இருக்கிறார்கள். இந்தப் பாடலாசிரியர் யார் கூட போட்டோ எடுத்துக்கொண்டார் தெரியுமா, இந்தப் பாட்டில் இந்தச் சொல் பெண்ணை என்ன செய்கிறது தெரியுமா, இதை ரசிக்கிற உன் நிலைப்பாடு என்ன. கேள்விகள் சரியாகவே இருக்கலாம். ஆனால் அவர் பாட்டைக் கேட்பதில்லை, உன்னையும் கேட்பதில்லை. தன் குரலைத்தான் கேட்கிறார். பாட்டை ஹால் டிக்கெட் மாதிரி சரிபார்த்து உள்ளே விடுகிறவர். அவருக்குப் பயந்துதான் பாதிப் பேர் ‘நோ பாலிடிக்ஸ்’ போர்டைத் தூக்குகிறார்கள். நானும் ஒரு ஆறு மாதம் அப்படிப்பட்ட தோழராக இருந்து எல்லோர் உயிரையும் வாங்கியவன்தான்.

ஆனால் அந்தத் தோழர் செய்ததும் நாங்கள் செய்ததும் ஒன்றுதான். அவர் சத்தமாகப் பேசி அடுத்தவனைப் பேசவிடாமல் செய்தார். நாங்கள் சத்தமாகப் பாட்டு வைத்து அதையே செய்தோம். மக்கா அன்றைக்கு மேடை கேட்கவில்லை. எங்களைக் கட்சி சேரச் சொல்லவில்லை, ‘உன் நிலைப்பாடு என்ன’ என்று கேட்கவில்லை. ‘எங்க சித்தப்பா’ என்றான். அது ஒரு குடும்பச் செய்தி. என் அக்காவுக்குக் குழந்தை பிறந்ததை நான் அதே மாடியில்தான் சொன்னேன், பாட்டை நிறுத்தி, எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். ஒருவன் வீட்டில் பிறப்பு செய்தி, இன்னொருவன் வீட்டில் குண்டு அரசியல் என்று பிரித்தது யார்? எங்கள் ஆறு பேரைத் தவிர அந்த மாடியில் வேறு யாரும் இல்லை.

எங்கள் சலூன்காரரை நினைத்துக்கொள்கிறேன். அவருக்கு அந்தப் போர்டு மாட்ட ஒரு காரணம் இருந்தது. கையில் கத்தி, நாற்காலியில் ஒரு கழுத்து, பெஞ்சில் ரெண்டு கட்சி. அப்படியிருந்தும் அவர் யாரையும் பாதி வாக்கியத்தில் நிறுத்தியதில்லை. எங்கள் கையில் மிக்சர் பாக்கெட் மட்டும்தான் இருந்தது.

*

மக்கா கோபித்துக்கொண்டு போகவில்லை. அதற்கப்புறமும் பல மாதம் மாடிக்கு வந்தான். ரஹ்மானா சந்தோஷ் நாராயணனா சண்டையில் கலந்துகொண்டான். நன்றாகப் பாடவும் செய்தான். சட்டத்தை எங்கள் எல்லோரையும்விட ஒழுங்காகக் கடைப்பிடித்தவன் அவன்தான்: பாட்டு மட்டும். அவன் வீட்டைப் பற்றி, அம்மாவைப் பற்றி, ஊரைப் பற்றி ஒரு சொல் வாயிலிருந்து வரவில்லை. நாங்கள் அதை ‘மக்கா இப்ப செம கூல் ஆயிட்டான்’ என்று புரிந்துகொண்டோம். பிறகு கோயமுத்தூரில் வேலை கிடைத்துப் போனான். குரூப்பில் இருந்தான். பிறந்தநாளுக்குக் கேக் படம் போடுவான்.

ஒன்றரை வருஷம் கழித்து, வேறு ஒருத்தன் கல்யாணத்தில், மூன்றாவது ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்த மே மாதம் அவன் சித்தப்பா காலில் குண்டடி பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். அன்று மாடியில் அவன் கேட்க வந்தது இவ்வளவுதான்: ஊருக்குப் போக வேண்டும், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, யாராவது கூட வர்றீங்களா.

அந்த விஷயம் தெரிந்தும் அவனிடம் பேச எனக்கு இன்னும் நாலு வருஷம் ஆனது. 2022இல் துப்பாக்கிச் சூட்டை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. போலீஸ் அத்துமீறியது என்று அதில் இருந்தது. செய்தியைப் பார்த்தேன், போனை எடுத்தேன், வைத்தேன். 2024 பிப்ரவரியில் ஆலையைத் திறக்கக் கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அன்றைக்குத்தான் கூப்பிட்டேன். சுற்றி வளைத்து ஏதேதோ சொல்லி, கடைசியில் அந்த சனிக்கிழமைக்கு மன்னிப்புக் கேட்டேன்.

‘அத விடு மக்கா’ என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான். ‘அன்னைக்கு என்ன பாட்டு ஓடிட்டிருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?’

எனக்கு ஞாபகம் இல்லை. எந்தப் பாட்டைக் காப்பாற்ற அவன் வாயை அடைத்தோமோ, அந்தப் பாட்டு என்னவென்றே எனக்கு ஞாபகம் இல்லை.

அவன் சொன்னான். எண்பதுகளில் வந்த ஒரு ராஜா பாட்டு. அவன் அம்மாவுக்குப் பிடித்த பாட்டாம். அவனே அன்றைக்குப் போடச் சொன்னதாம். ‘அதுக்கப்புறம் அத என்னால கேக்க முடியல. பஸ்ஸுல போட்டாங்கன்னா காதுல ஹெட்போன மாட்டிக்கிடுவேன்’ என்றான்.

‘அரசியல் பேசினால் பாட்டு கெட்டுவிடும்’ என்று சொல்கிற எல்லோருக்கும் என்னிடம் இருக்கிற பதில் இதுதான். எங்கள் மாடியில் பேச்சு பாட்டைக் கெடுக்கவில்லை. வெள்ளத்தின்போது கேட்ட பாட்டெல்லாம் இன்றைக்கும் எங்களுக்கு உயிர். பேசாமல் அடைத்த அந்த ஒரு ராத்திரிதான் ஒரு பாட்டைக் கொன்றது. ஒரு அம்மாவின் பாட்டை, அவள் பிள்ளைக்கு இல்லாமல் ஆக்கினோம்.

உங்கள் குரூப்பிலும் அப்படி ஒரு வரி எழுதியிருக்கும். எழுதாவிட்டாலும் இருக்கும். அதைப் போட்ட பிறகு யார் அதிகம் சிரிக்க ஆரம்பித்தார்கள், யார் ‘கூல்’ ஆனார்கள் என்று ஒருமுறை பாருங்கள். அழிக்க வேண்டியதை அழியுங்கள். பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம், எல்லோரையும் மேடையேற்ற வேண்டாம், எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்ல வேண்டாம். ஒருத்தன் ‘ஒரு நிமிசம் அத அமத்துங்களேன்’ என்றால் அமத்துங்கள். ஒரு நிமிஷம்தான் கேட்கிறான். பாட்டு எங்கேயும் போய்விடாது.